வாசனை தூக்குது... ஆனா, துண்டு தண்ணீரை உறிஞ்ச மாட்டேங்குதே! ஃபேப்ரிக் கண்டிஷனரின் மறுபக்கம்

குளித்துவிட்டு வந்து, துவைத்து மடித்து வைத்த தேங்காய்ப்பூ டவலை எடுத்து முதுகில் போடுகிறீர்கள். மெத்து மெத்தென்று இருக்கிறது. வாசனையும் ஆளைத் தூக்குகிறது. ஆனால், ஈரம் மட்டும் போக மாட்டேங்குது. முதுகிலிருந்த தண்ணீர் தோளுக்கும், தோளிலிருந்த தண்ணீர் கைக்கும் இடம் மாறுகிறதே தவிர, டவலுக்குள் இறங்குவதில்லை. 'டவல் பழசாயிடுச்சு போல' என்று நினைத்துப் புதுசு வாங்குகிறோம். நாலைந்து மாதத்தில் அதுவும் அப்படியே ஆகிவிடுகிறது.

பெரும்பாலான வீடுகளில் தப்பு டவல்மீது இல்லை. வாஷிங் மெஷின் பக்கத்தில் நீல நிறத்திலோ, பிங்க் நிறத்திலோ நிற்கும் அந்த ஃபேப்ரிக் கண்டிஷனர் பாட்டில்மீதுதான்.

சோப்புத்தூள் வாங்கும்போது கூடவே கண்டிஷனரும் வாங்குவது இப்போது பல வீடுகளில் மாதாந்திர மளிகை லிஸ்ட்டிலேயே வந்துவிட்டது. 'அது போட்டாத்தான் துணி துவைச்ச மாதிரியே இருக்கு' என்று சொல்பவர்கள் நிறைய பேர். ஆனால், அது துணியைச் சுத்தம் செய்யும் பொருளே அல்ல. பிறகு என்னதான் செய்கிறது, எந்தத் துணிக்கு ஆகாது, யார் வீட்டில் தவிர்க்க வேண்டும், அது இல்லாமல் துணியை எப்படி மென்மையாக வைத்துக்கொள்வது... ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கண்டிஷனர் துணிக்கு என்ன செய்கிறது?

நாம் துவைக்கப் பயன்படுத்தும் டிடர்ஜென்ட்டின் வேலை, துணியில் இருக்கும் எண்ணெயையும் அழுக்கையும் இழுத்துக்கொண்டு தண்ணீரோடு வெளியே போய்விடுவது. கண்டிஷனரின் வேலை இதற்கு நேர் எதிர். அது துணியிலேயே தங்க வேண்டும். தங்கினால்தான் பலன்.

இதில் இருக்கும் முக்கியமான பொருள், 'குவாட்ஸ்' என்று சுருக்கமாகச் சொல்லப்படும் குவாட்டர்னரி அமோனியம் சேர்மங்கள். இவற்றின் ஒரு முனையில் நேர் மின்னூட்டம் இருக்கும். மறுமுனையில் நீளமான கொழுப்புச் சங்கிலி. தண்ணீரில் நனைந்த பருத்தி நூலின் மேற்பரப்பில் எதிர் மின்னூட்டம் இருப்பதால், அந்த முனை நூலோடு போய் ஒட்டிக்கொள்ளும். கொழுப்பு வால்கள் வெளிப்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும். தலைக்கு எண்ணெய் தடவினால் முடி ஒன்றோடொன்று சிக்காமல் வழுக்குகிறதே... அதே கதைதான். நூலுக்கும் நூலுக்கும் உரசல் குறைவதால் துணி மென்மையாகத் தெரிகிறது.

ஆக, நாம் 'சாஃப்ட்' என்று உணர்வது, துணியின்மேல் படிந்திருக்கும் மெல்லிய கொழுப்புப் படலத்தை. இந்தக் கொழுப்பு மாட்டுக்கொழுப்பு போன்ற விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரலாம், பாமாயில் போன்ற தாவர எண்ணெயிலிருந்தும் வரலாம்.

கண்டிஷனரை டிடர்ஜென்ட்டோடு சேர்த்துப் போடாமல், கடைசி அலசலில் சேர்க்கச் சொல்வதற்கும் இந்த மின்னூட்டம்தான் காரணம். டிடர்ஜென்ட்டில் இருப்பது எதிர் மின்னூட்டம். இரண்டும் ஒன்றாகக் கலந்தால், ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு பிசுபிசுப்பாகத் திரியும். அழுக்கும் போகாது, மென்மையும் வராது. 'சீக்கிரம் வேலை முடியும்' என்று பக்கெட்டில் இரண்டையும் ஒன்றாக ஊற்றுபவர்கள், இரண்டுக்கும் கொடுத்த காசைத் தண்ணீரில் விடுகிறார்கள்.

எந்தெந்தத் துணிக்கு ஆகாது?

*டவல், துண்டு, கைக்குட்டை:* எண்ணெய்ப் பசை இருக்கும் இடத்தில் தண்ணீர் ஒட்டாது. ஒவ்வொரு துவைப்பிலும் படலம்மேல் படலமாகச் சேர்வதால், உறிஞ்சும் சக்தி கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். புது டவலின் விலை அதிகமாக இருப்பதே அதன் உறிஞ்சும் திறனுக்காகத்தான். அதைக் காசு கொடுத்துக் கெடுத்துக்கொள்கிறோம். சமையலறையில் கைப்பிடித் துணி, பாத்திரம் துடைக்கும் துணி ஆகியவற்றுக்கும் இதே விதி.

*துணி டயப்பர், துணி நாப்கின், பீரியட் உள்ளாடை:* இவை எல்லாமே உறிஞ்சுவதற்காகவே தைக்கப்பட்டவை. கண்டிஷனர் போட்டால் ஈரம் உள்ளே இறங்காமல் மேலேயே நிற்கும். கசியும். ஈரத்திலேயே தோல் ஊறிக் கிடந்தால் குழந்தைக்குப் புண்ணாகும், பெண்களுக்கு அரிப்பு வரும். 'டயப்பர் சரியில்லை' என்று பிராண்டை மாற்றுவதற்கு முன்னால், துவைக்கும் முறையைப் பாருங்கள்.

*ஜிம், யோகா, விளையாட்டு டி-ஷர்ட்கள்:* பாலியெஸ்டர் கலந்த இந்தத் துணிகள், வியர்வையைத் தோலிலிருந்து இழுத்து வெளிப்பக்கத்தில் பரப்பி ஆவியாக்கிவிடும். படலம் படிந்துவிட்டால் அந்த வேலை நடக்காது. கூடவே, வியர்வையின் எண்ணெய்ப் பசை அந்தப் படலத்தோடு சேர்ந்து உள்ளேயே தங்கிவிடும். துவைத்து மடித்து வைத்த டி-ஷர்ட்டைப் போட்டு பத்து நிமிடம் நடந்ததும் பழைய வியர்வை நாற்றம் திரும்ப வருகிறது என்றால், காரணம் இதுவாக இருக்கலாம். நாற்றத்துக்கு பயந்து இன்னும் ஒரு மூடி அதிகமாகக் கண்டிஷனர் ஊற்றுவோம். அது இன்னும் மோசமாகும்.

*மைக்ரோஃபைபர் துணி:* பைக், கார், கண்ணாடி, டி.வி துடைக்கும் துணிகள். மிக மெல்லிய இழைகள்தான் தூசியைப் பிடிக்கின்றன. அவற்றில் கொழுப்பு ஏறினால் தூசி பிடிக்காது. கண்ணாடியில் கோடு கோடாகத் தீற்றலும் விழும்.

*ரெயின்கோட், தண்ணீர் ஒட்டாத ஜாக்கெட்:* இவற்றின்மேல் தண்ணீரை உருட்டிவிடும் பூச்சு இருக்கும். கண்டிஷனர் அந்தப் பூச்சின் வேலையைக் கெடுத்து, மழையில் ஜாக்கெட்டை நனைய வைத்துவிடும்.

*கஞ்சி போடும் வேட்டி, காட்டன் புடவை:* ஒரு பக்கம் விறைப்பாக நிற்க வேண்டும் என்று கஞ்சி போடுகிறோம். இன்னொரு பக்கம் தளர்வாகத் தொங்கவைக்கும் கண்டிஷனரையும் ஊற்றுகிறோம். இரண்டில் ஒன்றுதான் நடக்கும்.

*குழந்தைகளின் இரவு உடைகள்:* பஞ்சு போல மேலே சிலிர்த்து நிற்கும் ஃப்ளீஸ், ஃப்ளானல், டெரி துணிகள் சீக்கிரம் தீப்பிடிக்கக்கூடியவை. கண்டிஷனர் அந்தத் தன்மையை இன்னும் கூட்டும். அமெரிக்காவில் குழந்தைகளின் இரவு உடைகளுக்குத் தீப்பிடிக்கும் தன்மை பற்றிய தனி விதிகள் உண்டு. அங்கே விற்கும் கண்டிஷனர் பாட்டில்களில், 'இந்த உடைகளுக்குப் பயன்படுத்தாதீர்கள்' என்ற எச்சரிக்கையை அச்சிட்டிருப்பார்கள். குத்துவிளக்கு, கேஸ் அடுப்பு, கார்த்திகை தீபம், தீபாவளி மத்தாப்பு என்று நெருப்போடு புழங்கும் நம் வீடுகளிலும் இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

வாசனையும் தோலும் மூச்சும்

கண்டிஷனர் பாட்டிலைக் கடையில் நாம் தேர்ந்தெடுப்பது மூக்கால்தான். மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துத்தான் வாங்குகிறோம். அந்த வாசனை ஒற்றைப் பொருள் அல்ல. பல வேதிப்பொருள்களின் கலவை. லேபிளில் 'பெர்ஃப்யூம்' என்ற ஒரே வார்த்தைக்குள் அத்தனையும் அடங்கிவிடும்.

வாசனைப் பொருள்களில் அடிக்கடி பயன்படும் லினலூல், லிமோனீன் போன்றவை காற்று பட்டு மாற்றமடையும்போது சிலருக்குத் தோல் ஒவ்வாமையைத் தூண்டும். இதனால்தான் ஐரோப்பிய ஒன்றியத்தில், ஒவ்வாமை உண்டாக்கக்கூடிய 26 வாசனைப் பொருள்களை ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் சேர்த்தால் டிடர்ஜென்ட் வகைப் பொருள்களின் லேபிளில் பெயர் போட வேண்டும் என்ற விதி வந்தது.

இதற்காக, 'கண்டிஷனர் போட்டால் எல்லோருக்கும் அலர்ஜி வரும்' என்று பயப்பட வேண்டியதில்லை. பெரும்பாலானவர்களுக்கு எந்தத் தொந்தரவும் வருவதில்லை. துணி மென்மையாக இருந்தால் தோலில் உரசல் குறையும் என்பதும் உண்மைதான். ஆனால், பச்சிளம் குழந்தை, கரப்பான் எனப்படும் எக்ஸிமா உள்ளவர்கள், ஆஸ்துமா உள்ளவர்கள், வாசனைக்கு ஒற்றைத் தலைவலி வருபவர்கள்... இவர்கள் இருக்கும் வீடுகளில் கணக்கு வேறு. சட்டையைக் கழற்றி வைக்கலாம், தலையணை உறையையும் போர்வையையும் ராத்திரி முழுக்க மூக்கருகே வைத்துக்கொண்டுதான் தூங்குகிறோம்.

கழுத்து, அக்குள், இடுப்புப் பட்டை, முழங்கை மடிப்பு போன்ற இடங்களில், அதாவது துணி இறுக்கமாக உரசி, வியர்வையும் தேங்கும் இடங்களில், காரணம் தெரியாமல் அரிப்போ தடிப்போ இருக்கிறதா? ஒரு மாதம் கண்டிஷனரை முழுசாக நிறுத்திப் பாருங்கள். ஏற்கெனவே துணியில் படிந்தது போக வேண்டும் என்பதால், இரண்டு மூன்று துவைப்பாவது ஆகும். குறைந்தால் காரணம் தெரிந்துவிடும். குறையவில்லை என்றால் தோல் மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போட வேண்டாம்.

இன்னொரு விஷயம். இந்தப் பாட்டில்கள் பளிச் நிறத்தில், பழ வாசனையில், ஜூஸ் போலவே இருக்கும். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில், மெஷின் பக்கத்தில் தரையில் வைக்கவே கூடாது. காலி கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றி வைப்பது அதைவிட ஆபத்து. குழந்தை தெரியாமல் குடித்துவிட்டால், விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாயைத் துடைத்துவிட்டு, பாட்டிலைக் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

மெஷினுக்குள் நடப்பது

வாஷிங் மெஷினில் கண்டிஷனர் ஊற்றும் தட்டை வெளியே இழுத்து, திருப்பிப் பாருங்கள். பல வீடுகளில் அடிப்பக்கம் வழவழவென்று, கறுப்புப் புள்ளிகளோடு இருக்கும். கண்டிஷனரின் கொழுப்புப் பசையும் ஈரமும் சேர்ந்தால் பூஞ்சைக்கு அது விருந்து. அதே பசை குழாயிலும், டிரம்மின் வெளிச்சுற்றிலும், ஃப்ரன்ட் லோட் மெஷின் கதவு ரப்பரின் மடிப்பிலும் படியும். நம்மில் பலர் பச்சைத் தண்ணீரில்தான் துவைக்கிறோம். அதில் இந்தப் பசை லேசில் கரையாது.

விளைவு? துணியில் ஊமை நாற்றம். அதை மறைக்க இன்னும் வாசனையான கண்டிஷனர். அதனால் இன்னும் பசை. இந்தச் சுற்றை நிறுத்தாமல் எத்தனை பிராண்ட் மாற்றினாலும் பலன் இருக்காது.

தட்டை வாரம் ஒருமுறை கழற்றி, வெந்நீரும் பழைய டூத் பிரஷ்ஷும் கொண்டு தேய்த்துக் கழுவுங்கள். மாதம் ஒருமுறை துணி போடாமல், வெந்நீரில் மெஷினை ஓட விடுங்கள். துவைத்து முடித்ததும் கதவையும் தட்டையும் கொஞ்ச நேரம் திறந்து வையுங்கள். துவைத்த துணியை மெஷினுக்குள்ளேயே மணிக்கணக்கில் விட்டுவிடாதீர்கள்.

சாக்கடையில் போன பிறகு...

துணியில் ஒட்டியது போக மிச்சம், அலசும் தண்ணீரோடு வெளியே போகிறது. ஆரம்ப காலத்தில் பயன்படுத்திய குவாட்ஸ் வகை, தண்ணீரில் சீக்கிரம் மக்காதது. நீர்வாழ் உயிர்களுக்கு நச்சானது. அதனால் ஐரோப்பாவில் 1990-களில், சீக்கிரம் சிதையும் 'எஸ்டர்குவாட்' வகைக்கு நிறுவனங்கள் மாறின. இது உண்மையிலேயே பெரிய முன்னேற்றம். ஆனாலும், கழிவுநீர் சுத்திகரிக்கப்படாமல் நேராகக் குளத்திலும் வாய்க்காலிலும் கலக்கும் ஊர்களில், எதுவும் சிதைய அவகாசமே கிடைப்பதில்லை.

'நாள் முழுக்க வாசனை' என்று சொல்லும் கண்டிஷனர்களில் பலவற்றில், வாசனையைக் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய உறைகளில் அடைத்துச் சேர்ப்பது உண்டு. துணி உரசும்போது உறை உடைந்து வாசனை வெளிவரும். அந்த உறைகள் பெரும்பாலும் ஒருவகை பிளாஸ்டிக். வேண்டுமென்றே சேர்க்கும் மைக்ரோபிளாஸ்டிக்குக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் கட்டுப்பாடு கொண்டுவந்தபோது, இந்த வாசனை உறைகளும் அதில் சேர்ந்தன. மாறிக்கொள்ள 2029 வரை நிறுவனங்களுக்கு அவகாசம் கொடுத்திருக்கிறார்கள்.

பர்ஸுக்கும் ஒரு கணக்கு

வாரம் நான்கு முறை துவைக்கிறீர்கள், ஒவ்வொரு முறையும் 40 மில்லி ஊற்றுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 8 லிட்டருக்கு மேல் ஆகிறது. உங்கள் வீட்டு பாட்டிலின் விலையோடு பெருக்கிப் பாருங்கள். அதோடு சீக்கிரம் வீணாகும் டவல், ஜிம் டி-ஷர்ட், மெஷின் சர்வீஸ் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

துணி ஏன் விறைக்கிறது?

'கண்டிஷனர் போடலைன்னா துணி அப்பளம் மாதிரி ஆயிடுதே' என்பதுதான் பலரின் புகார். நியாயமான புகார்தான். அதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, உப்புத் தண்ணீர். போர் தண்ணீரில் இருக்கும் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் சோப்போடு சேர்ந்து துணியில் படியும். குடிநீருக்கான இந்தியத் தரநிலையில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழி இல்லாத இடத்தில் 600 வரை போகலாம் என்று இருக்கிறது. பக்கெட்டிலும் குழாய் வாயிலும் வெள்ளைப் படிவு வருகிறது என்றால், உங்கள் துணியிலும் அதுதான் படிகிறது.

இரண்டாவது, தேவைக்கு அதிகமான டிடர்ஜென்ட். நுரை பொங்கினால்தான் அழுக்கு போகும் என்ற நினைப்பில் கூடுதலாகப் போடுகிறோம். சரியாக அலசாத டிடர்ஜென்ட், காய்ந்ததும் துணியை விறைக்க வைக்கும்.

மூன்றாவது, காயும் விதம். ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகமும் காவோ நிறுவனமும் சேர்ந்து 2020-ல் வெளியிட்ட ஆய்வு, இதற்கு நல்ல விளக்கம் தந்தது. பருத்தி முழுசாகக் காய்ந்ததுபோலத் தெரிந்தாலும், நூலின் மேற்பரப்பில் கொஞ்சம் தண்ணீர் பிடித்துக்கொண்டே இருக்குமாம். அதுவே பசை போல ஒரு நூலை இன்னொரு நூலோடு ஒட்டவைத்து விறைப்பை உண்டாக்குகிறது. அசைவே இல்லாமல் காயும் துணி விறைப்பதும், காற்றில் படபடவென்று ஆடிக் காயும் துணி மென்மையாக இருப்பதும் இதனால்தான்.

காரணம் தெரிந்தால் தீர்வும் எளிது.

கண்டிஷனர் இல்லாமல் மென்மையாக்க...

* டிடர்ஜென்ட் அளவைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள். கடைசி அலசல் தண்ணீரில் நுரையும் வழவழப்பும் இருக்கக் கூடாது. மெஷினில் 'எக்ஸ்ட்ரா ரின்ஸ்' இருந்தால் டவலுக்கு மட்டுமாவது போடுங்கள்.

* கொடியில் போடும் முன் நன்றாக நாலு உதறு உதறுங்கள். காய்ந்த பிறகும் இன்னொரு முறை உதறி, கையால் கசக்கிவிட்டு மடியுங்கள். ஒட்டிக்கொண்ட நூல்கள் பிரிந்து, டவல் பூத்துக்கொள்ளும்.

* காற்றோட்டமான இடத்தில் காயப்போடுங்கள். உச்சி வெயிலில் மொரமொரவென்று ஆகும்வரை விட வேண்டாம்.

* டேங்க் தண்ணீர் உப்பாக இருந்தால், கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணீர். மழைக்காலத்தில் மொட்டை மாடியில் பிடித்த மழைத்தண்ணீர் இதற்கு அருமையானது. அதில் கடின உப்புகள் கிட்டத்தட்ட இல்லை.

* ஆர்.ஓ மெஷினிலிருந்து வெளியேறும் தண்ணீரைச் சேமித்துத் துணி அலசுபவர்கள் கவனிக்கவும். அதில் சாதாரணத் தண்ணீரைவிட உப்பு அதிகம். வீடு துடைக்கவோ, கழிவறைக்கோ, மிதியடி ஊறவைக்கவோ பயன்படுத்துங்கள். கடைசி அலசலுக்கு வேண்டாம்.

* எப்போதாவது ஒருமுறை, கடைசி அலசலில் கால் கப் வெள்ளை வினிகர் சேர்க்கலாம். உப்புப் படிவும் சோப்பு மிச்சமும் விலகும். தினமும் வேண்டாம், மெஷினின் ரப்பர் பாகங்களுக்கு ஆகாது. முக்கியமாக, வினிகரை ப்ளீச்சிங் திரவத்தோடு ஒருபோதும் கலக்காதீர்கள். நச்சு வாயுவான குளோரின் வெளிவரும்.

கெட்டுப்போன டவலை மீட்க முடியுமா?

முடியும். முதலில் ஒரு சின்ன டெஸ்ட். காய்ந்த டவலை விரித்து, அதன்மேல் ஒரு ஸ்பூன் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். சட்டென்று உள்ளே இறங்கினால் டவல் நலம். முத்து முத்தாக மேலேயே நின்றால் படலம் ஏறிவிட்டது என்று அர்த்தம்.

அப்படிப்பட்ட டவல்களை மட்டும் தனியாக எடுத்து, வழக்கமான டிடர்ஜென்ட்டில் பாதி அளவும், அரை கப் சமையல் சோடாவும் போட்டு, லேபிள் அனுமதிக்கும் சூட்டில் வெந்நீரில் துவையுங்கள். வெள்ளை டவல் என்றால் 60 டிகிரிவரை தாங்கும். சாயம் போகும் டவல் என்றால் வெதுவெதுப்பான தண்ணீர் போதும். இரண்டு முறை நன்றாக அலசுங்கள். இதேபோல இரண்டு மூன்று துவைப்பில் வித்தியாசம் தெரியும். சமையல் சோடாவையும் வினிகரையும் ஒரே நேரத்தில் போடாதீர்கள். பார்க்க நுரை பொங்கும், ஆனால் ஒன்றையொன்று முறித்துக்கொண்டு இரண்டும் வீணாகும்.

அப்போ, கண்டிஷனரே வேண்டாமா?

அப்படி இல்லை. அதற்கும் இடம் இருக்கிறது. பாலியெஸ்டர் புடவை காலில் ஒட்டிக்கொள்வது, சட்டையைக் கழற்றும்போது படபடவென்று பொறி பறப்பது போன்ற நிலைமின் தொந்தரவை அது குறைக்கும். காற்றில் ஈரம் குறைவான ஊர்களிலும் பனிக்காலத்திலும் இது உதவும். சென்னை, தூத்துக்குடி மாதிரி புழுக்கமான கடலோர ஊர்களில் அந்தத் தொந்தரவு பெரிதாக இருக்காது. சுருக்கம் குறைவதால் அயர்ன் பண்ணுவதும் சுலபம். படுக்கை விரிப்பு, ஜீன்ஸ், திரைச்சீலை போன்றவற்றுக்கு எப்போதாவது பயன்படுத்தலாம்.

பயன்படுத்தினால், பாட்டிலில் போட்ட அளவைத் தாண்டாதீர்கள். துணியின்மேல் நேரடியாக ஊற்றாதீர்கள். எண்ணெய்க் கறை போலத் திட்டு விழும். கையால் அலசுபவர்கள், பக்கெட் தண்ணீரில் முதலில் நன்றாகக் கலக்கிவிட்டுப் பிறகு துணியை நனையுங்கள். டவல், குழந்தைத் துணி, விளையாட்டு உடை மூன்றையும் தனி லோடாகப் பிரித்து, அதில் கண்டிஷனர் தட்டைக் காலியாக விட்டுவிடுங்கள்.

நன்றாகத் துவைத்து, நன்றாக அலசி, வெயிலும் காற்றும் பட்டுக் காய்ந்த துணிக்குத் தனியாக வாசனை தேவையில்லை. நாற்றம் இல்லாமல் இருப்பதுதான் சுத்தத்தின் அடையாளம். இந்த வாரம் டவல்களிலிருந்து ஆரம்பித்துப் பாருங்கள். வித்தியாசத்தை உங்கள் முதுகே சொல்லும்!